தூங்க விடாத சவேத்தா

“உதவிப் பணியாளர், மூளை நரம்பியல் பிரிவு. நோயாளிகளின் அமைதியான ஓய்வுக்கும் தடைபடாத உறக்கத்துக்கும் பொறுப்பானவர். நிதான சுபாவம் உடையவர். தாழ்ந்த குரலில் பேசுபவர். பணிக்குத் தொடர்பில்லாத உரையாடலைத் தவிர்ப்பார். பணியிடத்தை விட்டு அகலமாட்டார்.”

ஒவ்வொரு ஜனவரியிலும் சவேத்தா ஓலாரு இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவாள். நின்றபடியே போடுவாள், அவள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாக அலுவலகத்தில் எவருக்கும் நினைவில்லை. படித்துப் பார்த்ததும் கிடையாது. படித்திருந்தால், யாரோ ஒரு கன்னியாஸ்திரீயின் காகிதம் தவறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்திருப்பாள்.

உண்மையில் அவள் வேலை நோயாளிகளைத் தூங்க விடாமல் வைத்திருப்பது. யாஷ் நகரத்து மேட்டில் இருக்கும் அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், நடைக்கூடத்தின் கடைசியில், ஒரு கட்டிலும் ஒரு கேமராவும் உள்ள அறை உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களை அங்கே கொண்டுவந்து, தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தூக்கத்தையும் பறித்துவிட்டு, வலிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அது வரவேண்டும். வந்து, ஒயர்களிலும் கேமராவிலும் ஒருசேரப் பதிவாகவேண்டும். மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று தெரியாமல் எந்த அறுவை மருத்துவரும் மண்டையைத் திறக்கமாட்டார். ஊரெல்லாம் வராதே வராதே என்று கும்பிடுகிற ஒன்றை வா வா என்று அழைக்கிற அறை அது. தூக்கம் கெட்டால் சீக்கிரம் வரும். தூக்கத்தைக் கெடுப்பதில் சவேத்தாவை மிஞ்ச மருத்துவ உலகம் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. மூடப்படும் வரை நகரத்து நெசவாலையில் இருந்தவள். தறிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. ஒரு தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவதற்குள் அடுத்த தறியில் அறுந்திருக்கும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் ஆலை மூடிய பிறகும் இறங்கவில்லை, கால்களும் நிற்கவில்லை. உட்கார்ந்தால் கெண்டைக்கால்களுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து நடந்தால் போய்விடும். அதனால் நடந்தாள். கீழ்வீட்டுக்காரர் அவ்வப்போது படியேறி வந்து, “நடக்கறதுதான் நடக்கறீங்க, கட்டைச் செருப்பையாவது கழட்டிட்டு நடங்கம்மா” என்று கெஞ்சிவிட்டுப் போவார். அவள் கணவன் நெக்குலாயோ சாய்ந்த இடத்தில் தூங்குகிறவன். பல் டாக்டரின் நாற்காலியில்கூடக் குறட்டை விட்டவன். இரண்டு சுபாவமும் ஒரே கட்டிலில் ஒத்துப்போகவில்லை. அவன் வாஸ்லுய் ஊரில் தங்கை வீட்டில் இப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த அறைக்குப் பொறுப்பான டாக்டர் தூதோசே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“சவேத்தா, உங்க காலுக்கு ஒரு பேர் இருக்கு. அதுக்கு மாத்திரையும் இருக்கு.”

“டாக்டரம்மா, நான் இங்க சம்பளத்துக்கு வந்திருக்கேன். பெட்டுக்கு வரல.”

சோற்றை விழுங்க மறந்தவர்களையும் சொந்தக் கையை யாருடையதோ என்று தள்ளிவிடுகிறவர்களையும் தினமும் பார்க்கிறவள் சவேத்தா. அவர்களுக்கெல்லாம் நோய் என்று ஒப்புக்கொள்வாள். தன் கால்களை மட்டும் குணம் என்றாள்.

அந்த அக்டோபரில், புனித பரஸ்கீவாவின் திருநாள் வாரத்தில், அறைக்குக் கஸியானா வந்தாள். இருபத்திரண்டு வயது. மலையோரக் கிராமம். எட்டு வயதிலிருந்து வலிப்பு. ரொட்டிக் கடையில் அடுப்படியில் இருந்தவளை, முழங்கையைச் சுட்டுக்கொண்ட பிறகு பொட்டலம் கட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே அவள் அம்மா. அவள் பெயரும் பரஸ்கீவாதான், விதவை, தலையில் கட்டிய துணியிலிருந்து காலுறை வரை கறுப்பு.

முதல் நாள் டாக்டர் தூதோசே அம்மாவிடம் கேட்டாள்: “வலிப்பு வரும்போது எந்தக் கை முதல்ல இழுக்குது? இடதா, வலதா?”

“தெரியாதுங்க டாக்டரம்மா.”

“நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களா?”

“எல்லாத் தடவையும் நான்தான் பக்கத்துல இருப்பேன். வேற யாரையும் விட மாட்டேன்.”

“அப்போ தெரியுமே?”

பரஸ்கீவா தலைத்துணியின் நுனியைத் தொட்டாள். “மூடிருவேங்க. தலையிலேருந்து இடுப்பு வரைக்கும். கறுப்புத் துணியால மூடினாத்தான் அது பாழுக்குப் போகும். நாலு பேரு கண்ணுல படவும் கூடாது இல்லையா? பொட்டப்புள்ள.”

அந்த மலைப்பக்கத்தில் வலிப்புக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பாழுக்குப் போறது’ என்பார்கள். பாழ்வெளிக்கே அது போய்த் தொலையட்டும் என்ற சாபமே பெயராகிவிட்டது. டாக்டர் தூதோசே பேனாவை மூடினாள். பதினான்கு வருடம் ஒரு நொடி விலகாமல் கூட இருந்த ஒரே சாட்சி, ஒன்றையுமே பார்த்திருக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இந்தக் கட்டில் உங்களுக்கு,” என்றாள் டாக்டர். “அதுக்குள்ள ஒரு தடவையாவது முழுசாப் பதிவாகணும். அப்பதான் ஆபரேஷன் கமிட்டிக்குப் போகும். இல்லன்னா மறுபடி வரிசையோட கடைசிக்குப் போயிருவீங்க. அடுத்த வருஷமோ, அதுக்கு அடுத்த வருஷமோ.”

வரிசை என்றால் என்ன என்பதை அந்த வாரம் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கீழே, புனிதையின் உடல் இருக்கும் பேழையைத் தொடுவதற்காக, போர்வையும் மடக்கு நாற்காலியுமாக ஒரு வரிசை தெருவை மூன்றாக மடித்துக்கொண்டு நின்றிருந்தது.

சவேத்தா வேலையைத் தொடங்கினாள். கஸியானாவின் கண் செருகினால் கட்டிலின் இரும்பைத் தட்டுவாள். எண் பொறித்த ரம்மிக் கட்டைகளைப் பரப்பி, ஆட்டத்தில் வேண்டுமென்றே ஏமாற்றுவாள். கோபம் தூக்கத்தைவிடப் பெரியது என்பது அவள் அனுபவம்.

“அத்தை, அந்தச் சிவப்பு ஏழு ஏற்கெனவே கீழ போயிருச்சு. ரெண்டாவது தடவை எடுத்து வைக்கறீங்க.”

“வச்சா என்ன? நீ முழிச்சிருந்தா பிடி. தூங்கறவங்களுக்கு நியாயம் கிடையாது.”

“கண்ணு எரியுது அத்தை. ஒரு நிமிஷம்.”

“என் வீட்டுக்காரனும் ஒரு நிமிஷம்னுதான் படுத்தான். மூணு வருஷமாச்சு. எழுந்திரு, எழுந்து ஒக்காரு.”

சூரியகாந்தி விதை கொறித்தால் தூக்கம் வராது. ஆனால் தாடை மென்றுகொண்டே இருந்தால் மூளை அலை ஓடும் திரையில் கோடுகளெல்லாம் முள்வேலி ஆகிவிடும் என்று அது தடை. பேசலாம், திட்டலாம், பாடலாம். சவேத்தா மூன்றையும் செய்தாள். அன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டில் கேட்காமல் வருவது, இங்கே கெஞ்சினாலும் வரவில்லை.

புதன்கிழமை காலையில்தான் சவேத்தா கவனித்தாள்: மூலையில் உட்கார்ந்திருந்த பரஸ்கீவாவின் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

“என்ன வேண்டிக்கறீங்க?”

“எப்பவும் வேண்டறதுதான். எம்புள்ளைக்கு வரக்கூடாதுன்னு.”

“அடிப்பாவி!” சவேத்தா இடுப்பில் கையை வைத்தாள். “நான் மூணு நாளா இந்தப் பக்கம் இழுக்கறேன், நீ அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கியா? புனிதையும் உன் பேர்க்காரி, உன் பேச்சைத்தான் கேப்பா. நிறுத்து முதல்ல!”

“வாய் தானா சொல்லுது, நான் என்ன பண்ண? பதினாலு வருஷப் பழக்கம்.”

“அப்போ வேற எதையாவது சொல்லு. பெருக்கல் வாய்ப்பாடு தெரியுமா?”

கஸியானா சிரித்தாள். ஒயர்களெல்லாம் குலுங்கின. பரஸ்கீவாவும் பாவம், முயன்றுதான் பார்த்தாள்; ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி மறுபடி புனிதையிடமே போய்ச் சேர்ந்தாள்.

அன்று பிற்பகல் அது வந்தது. தள்ளுவண்டியில் தேநீர் வந்திருந்தது. லிண்டன் பூத் தேநீர். யாஷில் எல்லா வியாதிக்கும் கொடுப்பார்கள், குடித்தவர் தூங்குவார். சவேத்தா நடைக்கூடத்துக்குப் பாய்ந்து, வண்டிக்காரியை மறித்துக்கொண்டு, “என் மூணு நாள் உழைப்பை ஒரு குவளையில கவுக்கப் பாக்கறியா?” என்று கத்திக்கொண்டிருந்தாள். கத்தி முடித்தபிறகு உடனே திரும்பியிருக்கலாம். கால்களுக்குள் எறும்பு ஊர்ந்தது, மாடிப்படி வரை ஒரு நடை போய் வந்தாள். திரும்பும்போது அறைக் கதவுக்கு மேலே அபாயச் சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே நர்ஸ் பரஸ்கீவாவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின்மேல் கறுப்புத் துணி; அதன்மேல் கவிழ்ந்த அம்மா. அடியில் ஏதோ துடித்து, தளர்ந்து, அடங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் டாக்டர் தூதோசே பதிவைப் போட்டுப் பார்த்தாள். ஓர் அகலமான முதுகு மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது. துணியை இழுத்துச் சுற்றிய வேகத்தில் ஒயர்களும் பாதி பிய்ந்திருந்தன.

“அம்மா வெளிய இருக்கணும்,” என்றாள் டாக்டர். அவள் கோபப்படுகிறவள் இல்லை. கோபப்பட்டபோது இன்னும் மெதுவாகப் பேசினாள். “நாளையிலேருந்து கீழ வராந்தாவுல.”

“அம்மா போனா நானும் போறேன்,” என்றாள் கஸியானா. நாக்கைக் கடித்திருந்ததால் சொற்கள் தடித்து வந்தன.

“உனக்கு ஆபரேஷன் வேண்டாமா?”

“வேணும். ஆனா யாரும் பாக்க வேண்டாம். அம்மா மூடினது தப்பில்ல. நான்தான் மூடச் சொன்னேன்.”

டாக்டர் அறைக்கு வெளியே போனாள். சவேத்தா உள்ளேயே இருந்தாள், கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு.

“அத்தை, நீங்க நடக்கறதப் பாத்தா எனக்கு இன்னொண்ணு வந்துரும் போல இருக்கு.”

“வரட்டும், அதுக்குத்தானே நடக்கறேன். சரி, சொல்லு. ஆபரேஷன் ஆகி எல்லாம் சரியாப்போச்சுன்னு வை. முதல்ல என்ன பண்ணுவ? கல்யாணமா?”

“போங்க அத்தை.” கஸியானா கூரையைப் பார்த்தாள். கூரையில் கேமரா இருந்தது. “குளிக்கணும்.”

“குளிக்காமயா இருக்க?”

“கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு. எட்டு வயசுலேருந்து திறந்து வச்சுட்டுத்தான் குளிக்கறேன். அம்மா வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருப்பா. ரெண்டு நிமிஷம் சத்தம் இல்லன்னா உள்ள எட்டிப் பாப்பா. ஒரே ஒரு தடவை தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குளிக்கணும்.”

மூலையில் பரஸ்கீவா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவேத்தா கட்டிலை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“அப்போ ஒரு தடவை கதவைத் திறந்து வச்சுத்தான் ஆகணும் கண்ணு,” என்றாள் கடைசியில். “அதோ அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு மட்டும். அதுக்கு வாய் கிடையாது. உங்க ஊர்ல போய்ச் சொல்லாது.”

கஸியானா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்குகிறாளோ என்று சவேத்தா கட்டிலைத் தட்டினாள்.

“முழிச்சுதான் இருக்கேன். யோசிக்கறேன்.”

மறுநாள் காலையில், “சரி, மூட வேண்டாம்,” என்றாள் கஸியானா. “ஆனா அம்மா இங்கயே இருக்கணும்.”

“நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கேங்க டாக்டரம்மா,” என்றாள் பரஸ்கீவா. தலைத்துணியை அவிழ்த்து மடித்துச் சவேத்தாவிடம் ஒப்படைத்தாள். நரைத்த கொண்டை வெளியே தெரிந்ததும் கூச்சத்தில் அவள் கழுத்து உள்ளே போனது. ஆனால் துணியைப் பறித்து என்ன பயன்? அவளிடம் கறுப்பு அல்லாத பொருளே இல்லை. எல்லாவற்றையும் பறிமுதல் செய்வதானால் அவளை உள்நோயாளியின் அங்கியில்தான் உட்காரவைக்கவேண்டும்.

டாக்டர் தூதோசே நம்பவில்லை. “வந்துட்டா இவங்க கை இவங்க பேச்சைக் கேக்காது. யாராவது பக்கத்துலயே இருக்கணும். நர்ஸ் மூணு அறையைப் பாக்கணும்.”

“நான் இருக்கேன்,” என்றாள் சவேத்தா.

டாக்டர் அவள் கால்களைப் பார்த்தாள். அப்போதும் அவை ஒன்று மாற்றி ஒன்றாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

“சவேத்தா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு பாட்டு முடியற வரைக்கும்கூட ஒரு இடத்துல நின்னு நான் பாத்ததில்ல.”

“பாட்டு நல்லா இருந்தா நிப்பேன்.”

வியாழக்கிழமை வந்தது, போனது. கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, ஜன்னலோர ஹீட்டர் பக்கத்தில், பரஸ்கீவாவை நாற்காலியில் உட்காரவைத்து சவேத்தா அருகில் நின்றாள். நின்றாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காலைத் தூக்கினாள், கெண்டைக்காலை ஹீட்டரில் தேய்த்தாள், விரல்களை மடக்கினாள், பெருமூச்சு விட்டாள். டாக்டரும் நர்ஸும் இல்லாத நேரத்தில் அறைக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய் ஓடிவந்தாள்.

“எறும்பு கடிக்குதா?” என்றாள் பரஸ்கீவா.

“உள்ள இருக்கு. வெளிய வரமாட்டேங்குது. உன் பொண்ணுக்கு இருக்கறது மாதிரி.”

“எண்ணெய் தேய்ச்சுப் பாத்தியா?”

“நீ கறுப்புத் துணி போட்டுப் பாத்தியே, கேட்டுச்சா?”

பரஸ்கீவா துணியில்லாத கொண்டையைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாக, “பயமா இருக்குடி,” என்றாள். “நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. மூடிட்டுக் கண்ணையும் மூடிக்குவேன்.”

வெள்ளிக்கிழமை காலை. கீழே திருநாள் உச்சத்தில் இருந்தது; யாத்ரீகர்களுக்குப் பரிமாறுகிற முட்டைக்கோஸ் சுருள்களின் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் அடுத்த நோயாளி, மீசைக்கார விவசாயி ஒருவர், பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் காலியாகக் காத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பேருந்தைக் கேட்கிற குரல்.

கஸியானாவின் கண்கள் இரண்டு குழிகளாகியிருந்தன. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ரம்மிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் தூதோசே இரண்டு முறை வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை வந்தால் ஒயர்களைக் கழற்றத்தான் வருவாள்.

“அத்தை, வரலன்னா என்ன? விடுங்க,” என்றாள் கஸியானா. “பழகினதுதானே. திறந்து வச்சே…”

வாக்கியம் அங்கே நின்றது.

பரஸ்கீவாவுக்கு முதலில் தெரிந்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தலைத்துணிக்காகக் கைகள் தலைக்குப் போயின. அங்கே இல்லை என்றதும் மார்புக்கு இறங்கி, கறுப்பு ஸ்வெட்டரின் பொத்தான்களைப் பிய்த்துத் திறந்தன. ஒரு கை ஸ்வெட்டரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தபோது சவேத்தா அவள் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்தாள். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள், பிடி விடவில்லை.

“விடுடி! எம்புள்ளடி! எல்லாரும் பாப்பாங்கடி!”

“யாரும் இல்ல. நீயும் நானும்தான். பாரு.”

“மாட்டேன்!”

“கண்ணைத் திற. பதினாலு வருஷம் மூடினது போதும். பாரு, பரஸ்கீவா.”

நர்ஸ் ஓடிவந்து போர்வையை விலக்கினாள், “கஸியானா, நான் பேசறது கேக்குதா? கையைத் தூக்கு,” என்று உரக்கக் கேட்டாள். கஸியானா தூக்கவில்லை. சிவப்பு ஏழுக் கட்டை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஒரு கை துடித்தது. பிறகு வாயின் ஓரம் இழுத்தது, தலை திரும்பியது, உடல் முழுவதும் வில்லாக வளைந்தது. நர்ஸ் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தாள். பரஸ்கீவா முட்டினாள், உதைத்தாள், சவேத்தாவின் பெயரையும் அவள் அம்மாவின் பெயரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு திட்டுவது நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவேத்தாவின் கால்களுக்குள் ஆயிரம் எறும்புகள் மேலும் கீழும் ஓடின.

கஸியானா ஆழ்ந்து மூச்சுவிடத் தொடங்கியதும் டாக்டர் தூதோசே உள்ளே வந்தாள். திரையைப் பின்னோக்கி ஓடவிட்டு ஒருமுறை பார்த்தாள். பிறகு, தெரிந்திருந்தும், அம்மாவிடம் கேட்டாள்: “எந்தக் கை முதல்ல இழுத்தது?”

“இடது கைங்க,” என்றாள் பரஸ்கீவா. ஸ்வெட்டர் ஒரு தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. “சுண்டுவிரல்லேருந்து. அப்புறம் வாய்.” சற்றுக் கழித்து, “நான் நெனச்ச அளவுக்கு அசிங்கமா இல்ல,” என்றாள்.

டாக்டர் தலையசைத்தாள். இடது கையென்றால் மூளையின் வலது பக்கம், ஒரே இடம். கமிட்டிக்குப் போகும் என்றாள். மீசைக்காரர் பையுடன் எழுந்தார். கஸியானாவை அந்த வாரத்தில் முதல் முறையாகத் தூங்க விட்டார்கள்.

கமிட்டி ஒப்புக்கொண்டது, வசந்தத்தில் நாள் குறித்தார்கள். ஜனவரியில் காகிதம் வந்தபோது சவேத்தா வழக்கம்போல நின்றபடி, படிக்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டினாள். நிதான சுபாவம் என்ற வரி அதில் அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் செய்தது இது: பரஸ்கீவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வலிப்பு முடியும் வரை ஒரே இடத்தில் நின்றாள்.